மின்சாரம் நின்றால் தண்ணீர் எங்கே போகும்?

மீன் வளர்ப்போர் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மீன்தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டியை வைத்து, மேலே வழியும் நீரை அதற்குள் இறக்கி, வடிகட்டி, பம்பு மூலம் மறுபடியும் மேலேற்றும் சம்ப் அமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தோம். அதைத் தாங்களே கட்டிக்கொள்ள விரும்பும் வாசகர்களின் கடிதங்கள் நிறைய வந்திருப்பதால், இம்முறை இப்பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் இரண்டு ஆஸ்கர் மீன்கள் வளர்க்கிறேன். பரணில் 3 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு பழைய தொட்டி சும்மா கிடக்கிறது. அதைச் சம்ப் ஆக்கலாமா? தடுப்புகளை எந்த உயரத்தில் வைக்க வேண்டும்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தாராளமாக ஆக்கலாம். ஆனால் தடுப்புக் கண்ணாடி வெட்டக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். பம்பு நின்றால் மேலிருந்து எவ்வளவு நீர் கீழே இறங்கும் என்பது முதலாவது. கீழே இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால் பம்பு எவ்வளவு நீரை மேலே தள்ளும் என்பது இரண்டாவது. சம்ப் பற்றிய மற்ற எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் தண்ணீர் கூடத்தின் தரையில்தான் நிற்கும்.

முதல் கணக்கு. உங்கள் மேல்தொட்டியின் உட்பரப்பு ஏறத்தாழ 120 செ.மீ.க்கு 45 செ.மீ. என்று கொண்டால், 1 செ.மீ. உயர நீர் 5.4 லிட்டர் ஆகும். பம்பு ஓடும்போது, நீர் வழிந்து கீழே இறங்கும் சீப்பு போன்ற வழிவிளிம்பின் பற்களுக்கு மேல் சுமார் 2 செ.மீ. நீர் நிற்கும், பம்பு நின்றதும் அது இறங்கிவிடும். அதோடு முடிவதில்லை. பம்பிலிருந்து மேலே வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், அக்குழாய் வழியாகவே தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, அந்த வாய் காற்றைத் தொடும்வரை மேல்தொட்டி இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படியானால் 5 செ.மீ.க்கு 27 லிட்டர், குழாய்களிலும், வழியும் நீர் முதலில் சேரும் வழிவுப் பெட்டியிலும் உள்ள இரண்டு மூன்று லிட்டர், ஆக 30 லிட்டர் கீழே வரும். உங்கள் சம்பில் 1 செ.மீ. உயரத்துக்கு 2.7 லிட்டர் பிடிக்கும் என்பதால், இந்த 30 லிட்டர் அங்கே 11 செ.மீ. ஏறும். சம்பின் உயரம் 38 செ.மீ. ஆகையால், ஓடும்போது அதன் நீர்மட்டம் சராசரியாக 20 செ.மீ. அளவில் இருந்தால், எல்லாம் இறங்கிய பிறகும் 6, 7 செ.மீ. மிஞ்சும். இது நல்ல இடைவெளி.

இனித் தடுப்புகள். மூன்று கண்ணாடிகள் போதும். ஐந்து ஆறு என்று அடுக்குவதைப் பல படங்களில் காண்கிறேன், அதனால் ஊடகம், அதாவது நீரை வடிகட்டும் பொருள், வைக்கும் இடம் குறைவதைத் தவிர வேறு பயன் இல்லை. இடப்பக்க ஓரத்திலிருந்து 24 செ.மீ. தள்ளி, அடியோடு ஒட்டிய 24 செ.மீ. உயரக் கண்ணாடி ஒன்று. இதற்கும் ஓரத்துக்கும் நடுவே உள்ள அறையில்தான் மேலிருந்து வரும் நீர் விழுந்து, பஞ்சின் வழியாகச் செல்லும். அடுத்து 36 செ.மீ. தள்ளி, அடியிலிருந்து 3 செ.மீ. தூக்கி ஒட்டிய கண்ணாடி, இதன் மேல் விளிம்பு 27 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், இந்த நடு அறை செராமிக் வளையம் போன்றவற்றுக்கு உரியது. நீர் மேலிருந்து கீழாக அவற்றின் ஊடே இறங்கி, தூக்கிய கண்ணாடிக்கு அடியில் நுழைந்து செல்லும். அதிலிருந்து 3 செ.மீ. தள்ளி, அடியோடு ஒட்டிய 20 செ.மீ. உயரக் கண்ணாடி. அந்தக் குறுகிய இடுக்கில் நீர் மேலேறும்போது குமிழிகள் பிரிந்து போய்விடும். தடுப்புகளின் தடிமன் போக மீதமுள்ள சுமார் 25 செ.மீ. பம்பு அறை.

இரண்டாவது கணக்கு இந்தப் பம்பு அறையைப் பற்றியது. வழிநீர்க் குழாயில் ஒரு இலையோ நத்தையோ அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். கீழே நீர் வராது, பம்போ நிற்காமல் மேலே தள்ளும். ஆனால் தடுப்புக்கு அப்பால் உள்ள நீர் பம்பு அறைக்குள் வர முடியாது. எனவே அந்தச் சின்ன அறையில் உள்ளது மட்டுமே மேலே போகும். அறையில் நீர்மட்டம் 17 செ.மீ., பம்பு உறிஞ்சும் வாய் 6 செ.மீ. உயரத்தில் இருந்தால், அது தள்ளக்கூடியது சுமார் 8 லிட்டர். மேல்தொட்டியில் அது ஒன்றரை செ.மீ. உயர்வு. ஆகவே மேல்தொட்டியில் ஓடும் மட்டத்துக்கு மேல் 3 செ.மீ. கண்ணாடி வெறுமனே இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. பம்பு அறையைப் பெரிதாக வைத்தால் அடிக்கடி நீர் நிரப்ப வேண்டியிருக்காது என்று சிலர் சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்த வசதிக்காக இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பரணில் கிடந்த தொட்டி என்பதால், மொட்டை மாடியிலோ முற்றத்திலோ சமதளத்தில் வைத்து, விளிம்புவரை நிரப்பி, இரண்டு நாள் கசிவு பாருங்கள். ஸ்டாண்டின் கால்களுக்கு இடையே அது நுழையுமா என்பதையும், நுழைந்த பிறகு மேலே கை விட்டுப் பஞ்சை எடுக்க ஓர் அடி இடமாவது இருக்குமா என்பதையும் இப்போதே அளந்துவிடுங்கள். மேல்தொட்டியை ஏற்றிய பிறகு சம்பை உள்ளே தள்ள முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. உங்கள் மேல்தொட்டி நீரும் கண்ணாடியும் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். அதை இறக்கி ஏற்றுவது விளையாட்டு அல்ல.

கேள்வி: வழிநீருக்காகத் தொட்டியில் துளை போட வேண்டும் என்கிறார்கள். என் தொட்டியில் ஏற்கெனவே மீன்கள் இருக்கின்றன. துளை இல்லாமல் விளிம்பில் மாட்டும் வழிவுப் பெட்டி போதாதா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீர் நிரம்பிய தொட்டியில் துளை போடுவது என்ற பேச்சே வேண்டாம். அந்த நிலையில் மாட்டும் பெட்டிதான் வழி, ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும். தொட்டிக்கு உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டையும் இணைத்து விளிம்புக்கு மேலாக வளைந்து செல்லும் ஒரு குழாய். அந்தக் குழாய் முழுக்க நீர் நிரம்பியிருக்கும்வரை மட்டுமே நீர் கடக்கும். ஓட்டம் மெதுவாக இருந்தால் நீரில் உள்ள நுண்ணிய குமிழிகள் வளைவின் உச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஒரு நாள் அங்கே காற்று நிறைந்து நீர்த்தொடர் அறுந்துவிடும். மின்சாரம் போய் வரும்போதும் இது அறுபடலாம், நம் ஊர்களில் மின்சாரம் போவது புதிதல்ல. பம்பு அப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். முந்தைய பதிலில் சொன்ன இரண்டாவது கணக்கு உங்களுக்கு இரண்டு மடங்கு முக்கியம். ஒரே தடித்த வளைகுழாயை விட இரண்டு குழாய்கள் உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். உச்சியில் குமிழி சேர்கிறதா என்று தினமும் கண்ணால் பார்க்கும்படி அவை நிறமற்றவையாக இருக்கட்டும்.

புதுத் தொட்டி வாங்கப் போகிறவர்களுக்கு என் பதில் வேறு: துளை போட்டுத்தான் வாங்க வேண்டும். பின்பக்கக் கண்ணாடியில், மேல் விளிம்புக்கு அருகே போடுவது அடியில் போடுவதை விட நல்லது. இணைப்பு கசிந்தாலும் துளை மட்டத்துக்கு மேலுள்ள நீர்தான் வெளியேறும். துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டம் அளவு இடைவெளி வேண்டும். சூடாக்கிக் கடினப்படுத்திய டஃபன்டு கண்ணாடியில் துளை போட முடியாது, பிட் பட்ட மாத்திரத்தில் முழுத் தகடும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும் என்பதால், கண்ணாடி எந்த வகை என்பதைத் தொட்டி செய்தவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். நீங்களே துளைப்பதாக இருந்தால், முதலில், துளையில் குழாயைப் பொருத்த உதவும் இணைப்பான டேங்க் நிப்பிளை வாங்கி, அதன் மரை செல்லும் பகுதியின் வெளிவிட்டத்தை அளந்து, அதற்கேற்ற டைமண்ட் ஹோல்சாவை (வட்டத் துளை போடும் பிட்) வாங்குங்கள். குழாய் ஒன்றரை அங்குலம் என்பதற்காகத் துளையும் ஒன்றரை அங்குலம் என்று கணக்கிட்டால் நிப்பிள் உள்ளே போகாது. மெதுவான வேகம், சுத்தியல் இயக்கம் அணைத்த டிரில், துளைக்கும் இடத்தில் இடைவிடாமல் நீர், கை அழுத்தம் மிகக் குறைவு. கடைசி ஒரு மில்லிமீட்டரில் அவசரப்படுவதால்தான் மறுபுறம் சில்லு பெயர்கிறது.

கேள்வி: நான்கடித் தொட்டிக்கு எத்தனை லிட்டர் பம்பு வாங்க வேண்டும்? கடைக்காரர் 1500 லிட்டர் போதும் என்கிறார். மின்கட்டணமும் கவலையாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நன்னீர் மீன்களுக்கு, தொட்டி நீரைப் போல மணிக்கு நான்கிலிருந்து ஆறு மடங்கு நீர் சம்ப் வழியாகச் சென்றால் போதும். நான்கடித் தொட்டியில் சுமார் 250 லிட்டர் என்றால், 1000 முதல் 1500 லிட்டர் வரை தேவை. ஆனால் பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, நீரை உயரத்துக்கு ஏற்றாமல் அப்படியே வெளியே விடும்போது வரும் அளவு. சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் விளிம்புவரை 4 அடிக்குமேல் ஏற வேண்டியிருக்கையில், குழாய் வளைவுகளும் சேர்ந்து, அதில் பாதிகூடக் குறைந்துவிடலாம். ஆகவே கடைக்காரர் சொல்வதைப் பார்த்து வாங்கினால் மேலே வருவது போதாது. பெட்டியில் உயரத்துக்கும் ஓட்டத்துக்குமான கோட்டுப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒன்றரை மீட்டருக்கு நேராக என்ன அளவு வருகிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைப்பது. படம் இல்லாவிட்டால் 2500 முதல் 3000 லிட்டர் என்று எழுதியுள்ள பம்பை வாங்கி, மேலே செல்லும் குழாயில் ஒரு பால் வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். வால்வு எப்போதும் பம்பிலிருந்து நீர் வெளியேறும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தை நெரித்தால் பம்பு கெடும்.

உண்மையில் எவ்வளவு வருகிறது என்பதை அறிய 10 லிட்டர் வாளியை மேல்குழாயின் வாயில் பிடித்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 1200 லிட்டர்.

மின்கட்டணம் பற்றி: 40 வாட் பம்பு நாள் முழுவதும் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும், நம் மாநிலத்தின் இரு மாதக் கணக்கீட்டில் ஏறத்தாழ 58 யூனிட். நேர்மின்னோட்டத்தில் ஓடும் டி.சி. பம்புகளுக்கு விலை அதிகம், ஆனால் அதே வேலைக்கு மின்சாரம் குறைவாகச் செலவாகும், ஓட்டத்தையும் பொத்தானில் மாற்றலாம். இன்வெர்ட்டரில் இணைக்க எண்ணினால் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சாதாரணப் பம்புகள் உறுமும், சூடாகும்.

கேள்வி: படுக்கை அறைக்கு அடுத்த அறையில் சம்ப் வைத்திருக்கிறேன். இரவெல்லாம் குடலில் காற்று ஓடுவதுபோல் சத்தம். வீட்டில் ஒருவரும் தூங்க முடியவில்லை.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: நீர் இறங்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்குவதால் வருகிற சத்தம் அது. குழாயின் மேல் முனையில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) பொருத்தி, அதன் பக்கவாயில் கீழ்நோக்கிய எல்போ மாட்டி, நீர் அதன் வழியாக நுழையும்படியும், மேலே மூடியில் சிறு துளை போட்டுக் காற்று அதன் வழியாக மட்டும் செல்லும்படியும் செய்தால் பெருமளவு அடங்கும். உலகம் முழுவதும் துர்சோ குழாய் என்று அழைக்கப்படும் அமைப்பு இதுதான். மூடியின் துளையைச் சிறிதாகத் தொடங்கி, சத்தம் அடங்கும்வரை சிறிது சிறிதாகப் பெரிதாக்குங்கள். எடுத்ததும் பெரிய துளை போட்டுவிட்டால் வேறு மூடிதான் வாங்க வேண்டும்.

குழாயின் கீழ்முனை சம்பின் நீருக்குள் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்பதையும் பாருங்கள். இரண்டு மூன்று செ.மீ. போதும், ஓர் அடி ஆழத்துக்கு இறக்கினால் உள்ளே அகப்பட்ட காற்று வெளியேற முடியாமல் விட்டுவிட்டுத் திமிறும். 90 பாகை எல்போவுக்குப் பதிலாக 45 பாகை வளைவுகளைப் பயன்படுத்துங்கள். குழாய் 1 அங்குலமாக இருந்து ஓட்டம் மணிக்கு 1000 லிட்டரைத் தாண்டினால் எந்த வித்தையும் முழுப் பலன் தராது, ஒன்றரை அங்குலத்துக்கு மாறுவதே நல்லது.

இதற்கும் மேல் அமைதி வேண்டுமானால் இரண்டு குழாய் முறை உண்டு. ஒரு குழாயில் கேட் வால்வு வைத்து, அதில் காற்றே இல்லாமல் நீர் மட்டும் நிறைந்து இறங்கும்படி நெரிக்க வேண்டும். இரண்டாவது குழாய் அதைவிடச் சற்று உயரத்தில், வால்வே இல்லாமல், வெறுமனே காத்திருக்கும். முதல் குழாய் அடைத்தால் நீர்மட்டம் சற்று உயர்ந்து இரண்டாவதில் இறங்கும், அப்போது வரும் சத்தமே உங்களுக்கு எச்சரிக்கை. அந்த இரண்டாவது குழாயில் எக்காரணம் கொண்டும் வால்வு வைக்கக் கூடாது.

கேள்வி: பின்னோக்கி நீர் வராமல் இருக்கச் செக் வால்வு வைத்துவிட்டால் போதுமல்லவா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: போதாது. பாசியோ குட்டி நத்தையோ வால்வின் நாக்கில் ஒட்டினால் அது முழுதாக மூடாது, அது மூடவில்லை என்பது மின்சாரம் போகும்வரை உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மேலே வரும் குழாயில், ஓடும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். நீர்மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து பின்னோட்டம் நின்றுவிடும். அதிலும் பாசி பிடிக்கும் என்பதால் வாரம் ஒரு முறை குச்சியால் குத்திவிட வேண்டும். இந்தத் துளையையும் நம்பாமல், குழாயின் வாய்வரை இறங்கும் என்றே சம்பின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: கண்ணாடிக்குப் பதிலாகப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் சம்ப் செய்யலாமா? தடுப்புகளைச் சிலிக்கானில் ஒட்டினேன், இரண்டே நாளில் கழன்றுவிட்டன.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: டப்புகளும் கிரேட்டுகளும் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீனால் ஆனவை, அவற்றில் சிலிக்கான் பிடிக்காது. எத்தனை முறை ஒட்டினாலும் இதே கதைதான். ஆனால் டப்பை விட்டுவிட வேண்டியதில்லை, தடுப்பு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வழிநீர் விழும் இடத்தில், அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட ஒரு வாளியை டப்புக்குள் நிறுத்தி, மேலே பஞ்சும் கீழே ஊடகமுமாக அடுக்குங்கள். நீர் வாளி வழியாக வடிந்து டப்பில் சேரும், மறுமுனையில் பம்பு இருக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. பம்பு அறை என்று தனியாக இல்லாததால், குழாய் அடைத்தால் டப்பில் உள்ள நீர் முழுவதையும் பம்பு மேலே தள்ளிவிடும். அதைத் தடுக்க, பம்பை டப்பின் தரையில் வைக்காமல், கவிழ்த்த கிண்ணத்தின் மேலோ வேறு மேடையின் மேலோ உயர்த்தி வையுங்கள். உறிஞ்சும் வாய்க்கு மேலுள்ள நீர்தான் மேலே போக முடியும். மெல்லிய டப்புகள் நீர் நிறைந்தால் நடுவில் பிதுங்கும் என்பதையும் கவனியுங்கள். பிதுங்கிய டப்பை ஸ்டாண்டின் பலகைகள் தாங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. தடித்த விளிம்புள்ளதாக, பாதிக்குமேல் நிரப்பத் தேவையில்லாததாகப் பெரிய அளவில் வாங்குங்கள்.

கேள்வி: எந்தச் சிலிக்கான் வாங்குவது? கடையில் பத்து வகை இருக்கிறது.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: மீன்தொட்டிக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். குளியலறைக்கான, பூஞ்சை எதிர்ப்பு என்று எழுதியுள்ளவை வேண்டவே வேண்டாம். பூஞ்சையைக் கொல்லக் கலந்த மருந்து மீனையும் விடாது. காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகைதான் கண்ணாடிக்கு நன்றாகப் பிடிக்கும். அந்த வாடை முற்றிலும் போகும்வரை, குறைந்தது 48 மணி நேரம், நீர் விடக் கூடாது. தடிப்பாகப் போட்ட இடங்களுக்கும் மழைக்காலத்துக்கும் இன்னும் சில நாள் பொறுப்பது நல்லது. காய்ந்த பழைய சிலிக்கானின் மேல் புதியது ஒட்டாது என்பதால், பழைய தொட்டியில் தடுப்பு வரும் கோட்டில் உள்ளதைப் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். தடுப்புக் கண்ணாடியை உட்பக்க அகலத்தை விட 3 அல்லது 4 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். தடுப்புக்கு 5 மி.மீ. கண்ணாடி போதும். மூன்றடிச் சம்பையே புதிதாகச் செய்வதானால், 6 மி.மீ. போதும் என்று சொல்பவர்கள் இருந்தாலும், வெளிச்சுவர்களுக்கு நான் 8 மி.மீ. என்றுதான் சொல்வேன், விலை வேறுபாடு ஒரு நல்ல பம்பின் விலையில் சிறு பகுதிதான்.

கேள்வி: சம்ப் கட்டி, விலையுயர்ந்த செராமிக் வளையங்களை நிறையப் போட்டிருக்கிறேன். மூன்று வாரமாகியும் தண்ணீர் கலங்கலாகவே இருக்கிறது.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வளையங்கள் கலங்கலை நீக்குவதற்கானவை அல்ல. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருக்க இடம் தருவதே அவற்றின் வேலை. மிதக்கும் துகளைப் பிடிப்பது பஞ்சு. ஆகவே பஞ்சு முதல் அறையில், வளையங்களுக்கு முன்னால் இருக்க வேண்டும். நீர் பஞ்சின் ஓரத்தில் நழுவிப் போகாமல் அதன் ஊடே செல்கிறதா என்று பாருங்கள். பல சம்புகளில் பஞ்சு ஓர் அலங்காரமாக மட்டும் இருக்கிறது, தண்ணீர் வேறு வழியில் போய்விடுகிறது. ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் போன்ற பெருந்தீனி மீன்களுக்கு மேல்பஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அலச வேண்டியிருக்கும். தவறாமல் செய்தால், வளையங்களைத் தொடவே வேண்டியதில்லை.

மூன்று வாரம் என்கிறீர்கள். புதிய ஊடகத்தில் பாக்டீரியா போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை நீர் பால்போல் வெளுத்திருப்பது உண்டு. உங்கள் பழைய ஃபில்டரின் பஞ்சையோ கற்களையோ அப்படியே சம்புக்குள் போட்டுவைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். குளோரின் கலந்த குழாய் நீரில் ஊடகத்தைக் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். எத்தனை பெரிய சம்ப் வைத்தாலும் நைட்ரேட் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். வாராவாரம் நீர் மாற்றுவதிலிருந்து விடுதலை கிடையாது. சம்ப் விற்பவர்கள் இதை யாரும் சொல்வதில்லை.

கேள்வி: கோடையில் பம்பு அறை நீர் இரண்டு நாளில் வற்றிவிடுகிறது. மேல்நிலைத் தொட்டிக்கு வைப்பதுபோல் ஃப்ளோட் வால்வு வைத்து, வீட்டுக் குழாயோடு இணைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: மேல்தொட்டியின் மட்டம் மாறாமல் இருப்பதால், ஆவியாகும் நீர் முழுவதும் பம்பு அறையில்தான் குறைவாகத் தெரியும், அது இயல்பு. ஃப்ளோட் வால்வு வைக்கலாம், ஆனால் வீட்டுக் குழாயோடு இணைக்காதீர்கள். வால்வு ஒரு முறை சிக்கிக்கொண்டால் மொட்டை மாடித் தொட்டி முழுவதும் உங்கள் கூடத்துக்கு வந்துவிடும், குளோரினும் நேராக மீனிடம் சேரும். சம்பை விட உயரத்தில் ஒரு 10 லிட்டர் கேனை வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாயில் வால்வுக்குக் கொடுங்கள். எது பழுதானாலும் 10 லிட்டரோடு போகும், அந்த 10 லிட்டருக்குச் சம்பில் இடமும் இருக்கும்.

ஆவியாகும்போது நீர் மட்டும் போகும், உப்புகள் தங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரால் திரும்பத் திரும்ப நிரப்பினால் தொட்டியில் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. நீரும், வாராந்திர மாற்றத்துக்கு வழக்கமான நீரும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கடல்நீர்த் தொட்டிக்கும் இதே சம்ப் பொருந்துமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அமைப்பு அதேதான், இரண்டு மாற்றங்கள் வேண்டும். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீர்மட்டம் மாறவே கூடாது. எனவே அதைப் பம்பு அறையில் வைக்காமல், தடுப்பின் உயரத்தால் மட்டம் நிலையாக நிற்கும் அறையில் வையுங்கள். அந்தத் தடுப்பின் உயரத்தை, ஸ்கிம்மரின் கையேட்டில் சொல்லியுள்ள ஆழத்தைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஸ்கிம்மர் வாங்காமல் தடுப்பை ஒட்டிவிடாதீர்கள். அடுத்தது, வற்றிய நீருக்கு ஈடாக நன்னீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கடல் அருகில் இருக்கிறதே என்று கடல்நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறி, அடர்த்தி 1.025ஐத் தாண்டிப் போய்விடும். குழாய் இணைப்புகளில் இரும்புக் கிளிப்புகள் வேண்டாம்.

கேள்வி: எல்லாம் கட்டி முடித்துவிட்டேன். மீன் விடுவதற்கு முன் என்னென்ன சோதிக்க வேண்டும்? மின்கசிவுக்கு என்ன பாதுகாப்பு?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மீன் இல்லாமல், வெறும் நீரில், முழு வேகத்தில் ஒரு நாள் ஓட விடுங்கள். பிறகு பம்பை நிறுத்தி, சம்பில் நீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். மேலே ஓரிரண்டு அங்குலமாவது மிஞ்சவில்லை என்றால், சம்பிலிருந்து நீரை மொண்டெடுத்து, அந்த அளவு கிடைக்கும்வரை குறையுங்கள். மறுபடி பம்பை ஓட விட்டு, பம்பு அறையில் நீர் நிற்கும் இடத்தில் அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள். இனி எப்போதும் ஓடும்போது அந்தக் கோட்டுக்கு மேல் நீர் ஊற்றக் கூடாது. பம்பு நின்றிருக்கும் வேளையில் சம்பைப் பார்த்து நிரப்புவதும் கூடாது. அடுத்து, வழிநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, பம்பு காற்றை உறிஞ்சிக் கரகரக்கும்வரை அருகிலேயே நின்று பாருங்கள். மேல்தொட்டி வழியக் கூடாது. வழிந்தால் பம்பைச் சற்று உயர்த்தி வைத்து, மீண்டும் சோதியுங்கள். இந்தச் சோதனையைத் தாளில் போட்ட கணக்கை நம்பிச் செய்யாமல் விடுபவர்களே அதிகம்.

மின்சாரத்துக்கு, அந்த இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வர வேண்டும். பழைய வீடுகளில் அது இல்லாவிட்டால் மின்பணியாளரை அழைத்து வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட் பெட்டியைச் சம்புக்கு மேலோ தரையிலோ வைக்காமல், ஸ்டாண்டின் பக்கச் சுவரில் உயரமாகப் பொருத்துங்கள். ஒவ்வொரு ஒயரும் சாக்கெட்டை விடத் தாழ்வாக ஒரு முறை தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குச் செல்ல வேண்டும். ஒயரின் மேல் வழிந்துவரும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். ஹீட்டர் வைத்திருந்தால் அது பம்பு அறையில் வேண்டாம், நீர் வற்றாத நடு அறையில் இருக்கட்டும். சம்புக்குள் கை விடும் முன் ஹீட்டர், பம்பு இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.